கையிலுள்ள இடமும் காத்திருக்கும் இடமும்

சேர்வராயன் மலை என்றதும் காப்பித் தோட்டங்களும், ஏற்காட்டு ஏரியும், கோடை வாசத்துக்கு வரும் கனவான்களுமே பலருக்கு நினைவில் எழும். அம்மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் மலையாளி என்னும் பழங்குடி மக்களை நினைப்போர் சிலரே. பெயரைக் கண்டு இவர்களைக் கேரளத்தார் என்று கருதலாகாது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாசிகள். 1917-ல் ஏற்காட்டில் ஸ்தாபிக்கப்பட்ட மாண்ட்போர்ட் பாடசாலையில் பயில வெளியூர்ப் பிள்ளைகள் மலையேறி வருகிறார்கள். மலையில் பிறந்த பிள்ளையோ பொறியியலோ வைத்தியமோ பயில விரும்பினால், 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கீழே இறங்கியாக வேண்டும்.

கீழே சேலத்தில் கலாசாலைகளுக்குக் குறைவில்லை. 1857-ல் தோன்றிய அரசினர் கலைக் கல்லூரி உண்டு. 1966-ல் தொடங்கிய பொறியியற் கல்லூரி உண்டு. 1986-ல் நிறுவிய வைத்தியக் கல்லூரியும் உண்டு. ஆயினும் இவற்றின் கதவுகள் ஒரே நாளில் திறப்பதில்லை. கலைக் கல்லூரிச் சேர்க்கை முந்தி நடக்கிறது. பொறியியல் கலந்தாய்வு அதன்பின் சுற்றுச் சுற்றாக நடைபெறுகிறது. வைத்தியக் கலந்தாய்வு பெரும்பாலும் இன்னும் பிந்துகிறது. ஆகவே, கையில் வந்த இடத்தைப் பற்றுவதா, வரக்கூடிய இடத்துக்காகக் காத்திருப்பதா என்னும் கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது.

பொருளுள்ள வீட்டில் இது ஒரு கேள்வியே அன்று. ஓரிடத்தில் பணம் கட்டி வைத்துவிட்டு மற்றோரிடத்துக்கு நிதானமாகக் காத்திருப்பார்கள். தோட்டக் கூலியை நம்பிய குடும்பம் என் செய்யும்? கடன் வாங்கிக் கட்டிய பணம் திரும்புமோ என்ற அச்சம் ஒரு புறம். காத்திருந்து இரண்டும் போய்விடுமோ என்ற கவலை மறு புறம். இந்த அச்சத்தினாலேயே நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளை தகுதிக்குக் குறைந்த படிப்போடு நின்றுவிடக்கூடும்; அல்லது படிப்பையே விட்டுக் கூலிக்குப் போகக்கூடும்.

இவ்வச்சத்தைப் போக்கும் விதிகள் இல்லாமலில்லை. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கலாசாலைகள் பிடித்து வைக்கலாகாதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்தது. 2024-25-ம் ஆண்டுக்கு, செப்டம்பர் 30-க்குள் விலகுவோருக்கு முழுக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டுமென்றும் அக்குழு கூறிற்று. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டே மேலான இடத்துக்குக் காத்திருக்கும் வழி உண்டு. ஆனால் குறித்த சில நாட்களுக்குள் உதவி மையத்தில் கட்டணம் செலுத்தத் தவறினால் இடம் கைநழுவும். அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு வைத்தியத்தில் 2020-லும், பொறியியல் முதலிய படிப்புகளில் 2021-லும் வந்தது.

விதி ஏட்டில் இருந்தால் போதுமா? அதை அறிந்தவனுக்கே அது கேடயம். அறியாதவனுக்கு அது வெறும் காகிதம். சில நாள் என்பது நகரத்தானுக்குப் போதிய காலம். சிற்றூரிலிருந்து பஸ் பிடித்து இறங்கி, சான்றிதழும் பணமும் தேட வேண்டியவனுக்கு அது ஒரு நொடி.

ஆகவே பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. அரசினர் கலாசாலையில் கிடைத்த இடத்தை விடாதீர்கள். அதை வைத்துக்கொண்டே மேலிடத்துக்கு முயலுங்கள். தரகர் பேச்சை நம்பி முன்பணம் கொடாதீர்கள். எங்கு பணம் கட்டினாலும் ரசீது பெறுங்கள். சர்க்காருக்கு நாம் கூறுவது: சேர்க்கைகளின் நாட்களை ஒன்றோடொன்று இணக்குங்கள், கலந்தாய்வுக் காலத்தில் ஏற்காட்டிலேயே ஓர் உதவி மையம் நடத்துங்கள், பழங்குடி மாணவருக்கு முதற் கட்டணத்தை நீங்களே முன்னதாகச் செலுத்துங்கள்.

மலைப் பிள்ளைகளுக்கு ஆற்றல் இல்லை என்று எவரும் கூறத் துணியார். இதே சேலம் ஜில்லாவின் கல்வராயன் மலையில், கருமந்துறைப் பழங்குடியினர் பள்ளியில் பயின்ற மாணவி ஒருவர் 2025-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். ஏற்காடு சட்டசபைத் தொகுதி பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தொகுதி. வாக்குக் கேட்க மலையேறும் ஊழியர்கள், தேர்வு முடிவு வெளியாகும் மாதத்திலும் ஒரு முறை மலையேறட்டும். ஊருக்கொருவர் அமர்ந்து விண்ணப்பம் எழுதித் தந்து, கெடு நாளை நினைவூட்டினால், அதுவே பெருந்தொண்டாகும். காத்திருக்கும் உரிமை செல்வருக்கு மட்டும் உரியதாயிருக்கலாகாது.