காதுக்குள் ஓர் ஊரி

கிழக்கிலங்கையின் பாசிக்குடாவில் கடல் ஆழமில்லை. கரையிலிருந்து வெகுதூரம் நீருக்குள் நடந்து போகலாம். திரும்பி வரும்போது கையில் நாலைந்து ஊரி (கடல் நத்தை ஓடு) சேர்ந்துவிடும். கூம்பாய்ச் சுருண்ட ஒன்றை எடுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே வடிவம், பட்டாணி அளவில், நம் இரு காதுகளின் எலும்புக்குள்ளும் இருக்கிறது. பெயர் காக்லியா.

பெயர் கிரேக்கரிடமிருந்து வந்தது. சுருள் ஓட்டு நத்தையை அவர்கள் 'கொக்லியாஸ்' என்றார்கள். தண்ணீரை மேலேற்றும் திருகுப் பொறிக்கும் அதே பெயர்தான். ஆர்க்கிமிடீஸ் திருகு என்று பள்ளியில் படிக்கிறோமே, அது. லத்தீன் அச்சொல்லை 'கொக்லேயா' ஆக்கிக்கொண்டது. 1561இல் இத்தாலிய உடற்கூற்று அறிஞர் கபிரியேலே ஃபலோப்பியோ அதை உட்காதின் சுருள் குழலுக்குச் சூட்டினார். வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். வேலை துலங்கப் பல நூற்றாண்டுகள் ஆயின.

சுருள் ஏறக்குறைய இரண்டே முக்கால் சுற்று. நிமிர்த்தினால் நீளம் சுமார் 35 மில்லிமீட்டர். உள்ளே திரவம், நெடுக ஒரு மெல்லிய சவ்வு. ஒலி வந்து நடுக்காதின் சிற்றெலும்பு தட்டும்போது திரவம் அசைய, சவ்வில் அலை ஓடும். வாசலருகே சவ்வு ஒடுங்கி விறைப்பாக இருப்பதால் கீச்சொலிக்கு அங்கே அதிகம் அதிரும். நுனியில் அகன்று தளர்ந்திருப்பதால் கனத்த ஒலிக்கு அங்கே அதிரும். சவ்வின்மேல் நிற்கும் மயிர்ச் செல்கள் அந்த அதிர்வை நரம்புச் செய்தியாக்கும். அலை ஓடும் விதத்தைக் கண்டு சொன்ன கேயோர்க் வான் பெகெசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

பாசிக்குடாவுக்குத் தெற்கே மட்டக்களப்பு வாவி. இரவில் அதற்குள் மீன் பாடும் என்பார்கள்; அதனால்தான் ஊருக்கு மீன்பாடும் தேன்நாடு என்று பெயர். 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இரவில் தோணியேறி அந்தப் பாட்டைக் கேட்கப் போனார். மீனவர்கள் அவரிடம் மீனைச் சொல்லவில்லை; ஊரி குளறுகிறது என்றே சொன்னார்கள். குளறுவது என்றால் இங்கே அழுவது. தோணிப் பலகையில் காதை வைத்தபோது ஓசை பெருகியது என்றும், கீச்சும் கனமும் கலந்த பல நாதங்கள் தனித்தனியே கேட்டன என்றும் டெனன்ட் எழுதினார்.

பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எது பாடினாலும், கலந்து வந்ததை வாசலில் கீச்சாகவும் நுனியில் கனமாகவும் அன்று பிரித்து வாங்கியது அவர் காதுக்குள் இருந்த ஊரிதான்.