லவிங் கவுண்டி

லவிங் கவுண்டி என்பது ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் அமைந்துள்ள ஒரு கவுண்டி ஆகும். கவுண்டி என்பது மாநிலத்திற்கு அடுத்த நிலையில் உள்ள நிர்வாகப் பிரிவாகும். 2020 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 64 பேர் வசித்தனர். அக்கணக்கெடுப்பில் அமெரிக்கக் கவுண்டிகள் அனைத்திலும் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்டது இதுவே. இதன் தலைமையிடம் மென்டோன் என்னும் சிற்றூர் ஆகும்.

புவியியல்

இக்கவுண்டியின் பரப்பளவு ஏறத்தாழ 1,753 சதுர கிலோமீட்டர். வடக்கே நியூ மெக்சிகோ மாநிலமும், கிழக்கே விங்க்லர், தெற்கே வார்ட், தென்மேற்கே ரீவ்ஸ் ஆகிய கவுண்டிகளும் உள்ளன. பெக்கோஸ் ஆறு ரீவ்ஸ் கவுண்டியுடனான எல்லையாக ஓடுகிறது. நிலம் வறண்டது, ஆற்று நீர் உவர்ப்பானது. எனவே குடிநீர் நெடுங்காலம் வெளியிலிருந்தே கொண்டுவரப்பட்டது. நிலத்தடியில் எண்ணெயும் எரிவாயுவும் மிகுதியாக உள்ளன.

வரலாறு

1867 இல் பெக்கோஸ் ஆற்றங்கரையில் கொமான்சியரால் தாக்கப்பட்டுப் பின் இறந்த கால்நடை வணிகர் ஆலிவர் லவிங்கின் பெயர் இதற்கு இடப்பட்டது. 1887 இல் உருவாக்கப்பட்டு, 1893 இல் ஆட்சியமைப்புப் பெற்றது. முறைகேட்டுப் புகார்களைத் தொடர்ந்து 1897 இல் அவ்வமைப்பு கலைக்கப்பட்டு, ரீவ்ஸ் கவுண்டியுடன் இணைக்கப்பட்டது. எண்ணெய் கண்டறியப்பட்ட பின்னர் 1931 இல் மீண்டும் தனி ஆட்சி பெற்றது. 1940 இல் 285 ஆக இருந்த மக்கள்தொகை பின்னர் குறைந்தது. மாணவர் இன்மையால் 1972 இல் பள்ளி மூடப்பட்டது. பிள்ளைகள் விங்க்லர் கவுண்டியில் உள்ள விங்க் நகரப் பள்ளிக்குச் செல்கின்றனர்.

நீதிமன்றக் கட்டடமும் ஆட்சியும்

மென்டோனில் 1935 இல் கட்டப்பட்ட இரண்டு மாடிச் செங்கல் கட்டடம் நீதிமன்றமாகவும் கவுண்டி அலுவலகமாகவும் விளங்குகிறது. மென்டோனுக்கு நகராட்சி இல்லாததால் உள்ளூர் ஆட்சி முழுவதும் கவுண்டியைச் சார்ந்ததே.

டெக்சாசின் 1876 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மக்கள்தொகை எதுவாயினும் எல்லாக் கவுண்டிகளுக்கும் ஒரே அடிப்படை அமைப்பை விதிக்கிறது. "கவுண்டி நீதிபதி" ஒருவரும் நான்கு ஆணையர்களும் கொண்ட "ஆணையர் நீதிமன்றம்" வரவு செலவுத் திட்டம், வரி, சாலை ஆகியவற்றைத் தீர்மானிக்கிறது. பெயர் நீதிமன்றம் எனினும் இது பெரும்பாலும் நிர்வாக மன்றமே. ஹியூஸ்டன் நகரம் அமைந்துள்ள ஹாரிஸ் கவுண்டியில் 2020 இல் 47 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வசித்தனர். அங்கும் ஆணையர்கள் நால்வரே. அங்கு ஓர் ஆணையருக்குச் சராசரியாக ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள்; லவிங்கில் 16 பேர்.

1945 இல் நியமிக்கப்பட்டுப் பின் தேர்தலிலும் வென்ற எட்னா ரீட் கிளேட்டன் டூயீஸ், டெக்சாசில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஷெரீப் ஆவார். ஷெரீப் என்பவர் கவுண்டியின் தலைமைக் காவல் அதிகாரி.

எண்ணெய் வளத்தால் கவுண்டிக்குப் பெரும் வரி வருவாய் கிடைக்கிறது; அதனைச் செலவிடும் அதிகாரமோ மிகச் சிலரின் வாக்குகளால் முடிவாகிறது. எண்ணெய் வயல்களில் தற்காலிகமாகத் தங்கிப் பணிபுரிவோர் பலர் இங்கு நிரந்தரக் குடியிருப்பாளர்கள் அல்லர். வெளியூரில் வாழ்ந்துகொண்டே இங்கு வாக்காளராகப் பதிந்துள்ளவர்களைப் பற்றிப் பலமுறை சர்ச்சைகள் எழுந்துள்ளன. ஓரிரு வாக்குகளே வெற்றியை மாற்றக்கூடும் என்பதால், "இங்கு வசிப்பவர் யார்?" என்னும் வினா இக்கவுண்டியில் ஆட்சியையே தீர்மானிக்கும் வினாவாக உள்ளது.