புதிய ஹெட்போனா, முந்தைய மாடலா?

தள்ளுபடிக் காலத்தில் வாடிக்கையாளர் பலருக்கும் எழும் ஐயம் இது: புதிய மாடலுக்குக் கூடுதல் பணம் தகுமா? சோனி நிறுவனத்தின் இரு வயர்லெஸ் ஹெட்போன்களை ஒப்பிட்டோம்.

வெளியொலியை மைக்குகள் உணர, கருவி எதிரலை எழுப்பி அதைத் தணிக்கிறது. விமானத்தின் சீரான முழக்கம் எளிதில் அடங்கும். அருகிருப்போர் பேச்சு அவ்வளவாக அடங்காது. இப்பணிக்கு 2020ஆம் ஆண்டின் எக்ஸ்எம்4 மாடலில் 4 மைக்குகள். 2022இன் எக்ஸ்எம்5இல் 8. ஆயினும் இரைச்சல் நீக்கத்துடன் இரண்டும் உழைப்பது 30 மணி நேரமே. கையடக்கமாக மடிவதோ பழையது மட்டும். (2025இன் எக்ஸ்எம்6இல் மடிப்பு திரும்பிவிட்டது!) அடிக்கடி பயணிப்போருக்கு, விலை குறைந்திருப்பின், எக்ஸ்எம்4 போதும் என்போம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றாலும், கிரெடிட் கார்டு தவணையில் செயலாக்கக் கட்டணமும், வட்டிமீது 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரக்கூடும். அவற்றையும் கூட்டியே விலைகளை ஒப்பிடுங்கள்.