லோனாவாலா வீட்டை விற்கப் போகிறீர்களா? வாங்க வருபவர் கண் எங்கே போகும்?

மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்தில் இருந்து ரெயிலில் 128 கிலோ மீட்டர். கர்ஜத்தில் வடாபாவ் வாங்கிக் கடித்தபடி, சுரங்கங்களைக் கடந்து மலை ஏறினால் லோனாவாலா. கடல் மட்டத்துக்கு மேல் 2 ஆயிரம் அடி. 1863-ல் போர் கணவாயில் ரெயில் பாதை திறந்த பிறகு, மும்பைக்காரர்களின் கைக்கு எட்டிய மலை இதுதான்.

இங்கே ஒரு சின்ன வீடு வாங்கிப் போடவேண்டும் என்பது பல குமாஸ்தாக்களின் ஆசை. பி.எப். பணத்தையும், மனைவியின் வளையலையும் போட்டு வாங்கியவர்கள் உண்டு. 2002-ல் விரைவுச் சாலை முழுவதும் திறந்ததும் அந்த ஆசை இன்னும் கூடியது.

வாங்கியவர்கள் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். மகன் வெளியூரில். மூட்டுவலி மலை ஏற விடுவதில்லை. மகள் கல்யாணத்துக்கோ, நெல்லைப் பக்கம் பூர்வீக வீட்டை எடுத்துக் கட்டவோ அந்தப் பணம் வேண்டும். வீடோ விலை போவதாக இல்லை. பார்க்க வருகிறவர்கள் "சொல்லி அனுப்புகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்புறம் ஆளைக் காணோம்!

காரணம் கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும். பூஞ்சண வாடை! மூன்று மழைக்காலம் பூட்டிக் கிடந்த வீடு. உள்ளே மடக்குக் கட்டில், துருப்பிடித்த டிரங்குப் பெட்டி, மகனின் எட்டாம் வகுப்புப் புத்தகம். மும்பை வீட்டில் இடம் இல்லாத சாமான் எல்லாம் இங்கே வந்து கிடக்கும்.

இரண்டு நாற்காலி

விற்கும் முன் வீட்டை ஜோடித்துக் காட்டுவதை "ஸ்டேஜிங்" என்கிறார்கள். அமெரிக்காவில் 1970-களில் வீட்டுத் தரகர்கள் தொடங்கிய பழக்கம். பெயர்தான் பெரிது. பெண் பார்க்க வருகிற அன்று நம் வீடுகளில் நடப்பதுதான்!

தாராவியிலோ செம்பூரிலோ வீடு பார்க்கிறவர் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்பார். மலை வீடு பார்க்க வருபவர் வேறு ஆள். "இங்கே உட்கார்ந்து சாய் குடிக்க முடியுமா?" என்பதே அவர் மனதில் ஓடும் கேள்வி.

ஆகவே பணம் குறைவாக இருந்தால் முதலில் வராந்தாவுக்குச் செலவழிப்பது நல்லது. மலையைப் பார்த்து இரண்டு பிரம்பு நாற்காலி, நடுவில் ஒரு டீப்பாய். பார்வையை மறைக்கும் புதரை வெட்டவேண்டும். அடுத்தபடி கட்டில்கள். அண்ணன் குடும்பம் வந்தால் எத்தனை பேர் படுக்கலாம் என்று வருபவர் எண்ணுவார். எல்லாக் கட்டிலிலும் வெள்ளை விரிப்பு போதும். குளியல் அறையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டவேண்டும். சொட்டினால் பேரமும் சொட்டும்!

தாத்தாவின் மாலை போட்ட படம், சாமி படங்கள் இவற்றை எடுக்க நம்மவர்களுக்கு மனம் வராது. ஆனாலும் மும்பைக்குக் கொண்டு போய்விடுவதே மேல். வருபவர் அந்தச் சுவரில் தன் குடும்பத்தைப் பார்க்கவேண்டும்.

வாடையைப் போக்க ஊதுபத்தி கொளுத்துவது தவறு. எதையோ மறைக்கிறார்கள் என்று சந்தேகம் வரும். இரண்டு நாள் முன்பே போய் ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் வழி.

ஜூலையா, அக்டோபரா?

லோனாவாலாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டித் தீர்க்கும். ஜூலையில் மலை அழகு. ஆனால் சுவர் கசிவதும் ஜூலையில்தான்! மே மாதமோ புல் எல்லாம் காய்ந்து கிடக்கும். மழை ஓய்ந்து, பச்சை மாறாத அக்டோபர்தான் விற்பவருக்கு ஏற்ற மாதம். வாங்குகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் ஜூலையிலும் ஒரு தடவை வந்து பார்ப்பார்.

இங்கேதான் பலர் ஒரு காரியம் செய்கிறார்கள். ஓதம் ஏறிய சுவருக்கு மேலேயே புது வர்ணம். இது ஜோடனை அல்ல, மோசடி. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியே தீரவேண்டும் என்கிறது 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய பணத்தோடு ஒரு வழக்கையும் யார் வாங்குவார்கள்? மே மாதமே தளத்தை மராமத்து செய்து, கொத்தனாரிடம் ரசீது வாங்கி வைத்தால், அதைக் காட்டியே பேரம் பேசலாம்.

வாடகைக்கு எடுத்துப் போட்ட சோபா வீட்டோடு வராது என்பதையும் முதல் நாளே சொல்லவேண்டும். கிரயத்துக்குப் பிறகு சண்டை வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சில்லறைச் சாமானில்தான்.

மேஜை மேல் ஒரு பைல்

தனி வீடு என்றால் நிலம் விவசாய நிலமா என்று கேட்பார்கள். மராட்டியத்தில் விவசாயி அல்லாதவர் அனுமதி இல்லாமல் விவசாய நிலம் வாங்க முடியாது. அதனால் 7/12 உதாரா அல்லது பிராப்பர்ட்டி கார்டு, என்.ஏ. உத்தரவு ஆகியவை தயாராக இருக்கவேண்டும். பிளாட் என்றால் சொசைட்டியின் ஷேர் சர்ட்டிபிகேட். கூடவே வரி ரசீது, கரண்ட் பில், கொத்தனார் ரசீது. எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்து, ஒரு பைலில் போட்டு டீப்பாய் மேல் வைத்துவிடலாம். காலை டெக்கான் எக்ஸ்பிரசில் வந்து இறங்குகிறவர், சாய் ஆறுவதற்குள் புரட்டிப் பார்த்துவிடுவார்.