பாதையை நகர்த்தும் தண்ணீர்

இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் ஒரு நடைபாதையை இடம் மாற்றப் போகிறார்கள் என்றால், மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாள் பாதையின் இரண்டு முனைகளிலும் கம்பத்தில் தொங்கும். கூடவே ஒரு வரைபடம். மூடப்போகும் பாதைக்குத் தடித்த கறுப்புக் கோடு, புதிதாக வரப்போகும் பாதைக்கு விட்டுவிட்டு இழுத்த கோடு. திருப்பங்களில் ஏ, பி, சி என்று எழுத்துகள். ஆட்சேபம் இருந்தால் 28 நாளுக்குள் எழுதலாம். ஊர்க்காரர்தான் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாரக் கடைசியில் நடக்க வருகிற வெளியூர்க்காரரும் எழுதலாம். பலர் எழுதவும் செய்கிறார்கள்.

அங்கே பொது நடைபாதை என்பது சட்டப்படியான உரிமை. நிலம் ஒரு பண்ணைக்காரருடையதாகவோ தண்ணீர்க் கம்பெனியுடையதாகவோ இருக்கலாம். அதன் குறுக்கே நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 1949-ல் வந்த சட்டப்படி இந்தப் பாதைகளையெல்லாம் அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்றினார்கள். இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்த்தால் இன்று சுமார் 2,25,000 கி.மீ. தேறும். அதில் ஒரு முழம் நகர்த்துவதற்கும் ஆணை வேண்டும். 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு, புதிய வழி பழையதைவிடக் கணிசமாக வசதிக் குறைவாக இருக்கக் கூடாது என்கிறது. யாருக்கு வசதி, எந்த அளவு குறைந்தால் ‘கணிசம்’ என்பதெல்லாம் விசாரணை அதிகாரி முன்னால் மணிக்கணக்கில் ஓடும் வாதம்.

வயல் நடுவே போகும் பாதை என்றால் விவகாரம் பெரும்பாலும் மாடு, வேலி, கதவு என்ற அளவில் முடிந்துவிடும். நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதை அப்படியில்லை. அங்கே பாதையைத் தள்ளிவைப்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களை வரிசையாகப் பார்த்தால், ஒன்றேகால் நூற்றாண்டில் அறிவியல் எதைக் கண்டு பயந்தது என்பது தெரிந்துவிடும். முதலில் மனிதர்களிடமிருந்து தண்ணீரைக் காப்பாற்ற நினைத்தார்கள். இப்போது கவலை பெரும்பாலும் எதிர்ப்பக்கம்.

முதல் பயம் டைபாய்டு. 1897-ல் கென்ட் பகுதியிலுள்ள மெய்ட்ஸ்டோன் ஊரில் 1,800 பேருக்கு மேல் டைபாய்டு கண்டது. 132 பேர் இறந்தார்கள். ஊருக்குக் குடிநீர் தந்த ஊற்றுகளின் அருகே, பியருக்கான ஹாப்ஸ் பறிக்க வந்த கூலியாட்கள் கூடாரம் போட்டிருந்தார்கள். சந்தேகம் அவர்கள் மேல் விழுந்தது. அதன் பிறகு நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் மனித நடமாட்டம் என்றாலே நகராட்சிப் பொறியாளர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. லிவர்பூல் மாநகராட்சி ரிவிங்டன் நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த பண்ணை வீடுகளையே காலி செய்ய வைத்தது.

அதே 1897-ல்தான், பீக் மாவட்டம் எனப்படும் மலைப்பகுதியின் ஹேஃபீல்டு ஊரிலிருந்து வில்லியம் கிளஃப் என்ற ஓடைப் பள்ளத்தாக்கு வழியாக மலையேறும் பாதையைப் பொதுமக்களுக்காக வாதாடிப் பெற்றது, மூன்றாண்டுக்கு முன்பு தொடங்கிய ஒரு நடைபாதைச் சங்கம். பின்னர் ஸ்டாக்போர்ட் மாநகராட்சி அந்தப் பள்ளத்தாக்கின் அடியில் கிண்டர் நீர்த்தேக்கத்தைக் கட்டியது. 1912-ல் அது திறக்கப்பட்டது. பாதை இன்றும் தண்ணீருக்கு மேலே மலைச்சரிவை ஒட்டி நெளிந்து போகிறது. 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் தலைமையில் சில நூறு தொழிலாளர்கள் அந்த வழியாகத்தான் ஏறிப்போய், பாதையை விட்டு விலகித் தடைசெய்யப்பட்ட கிண்டர் மேட்டில் கால் வைத்தார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள்.

மேட்டுநிலத்தை மூடிவைத்திருந்தவர்கள் சொன்ன காரணங்களில் குடிநீரின் தூய்மையும் ஒன்று. அது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. நீரைத் தேக்கி வைத்திருப்பதே ஒருவகைச் சுத்திகரிப்பு. லண்டன் குடிநீர் வாரியத்தில் இருந்த அலெக்சாண்டர் ஹூஸ்டன், தேக்கிய நீரில் டைபாய்டு கிருமிகள் சில வாரங்களில் பெரும்பாலும் செத்துவிடுகின்றன என்று அப்போதே காட்டியிருந்தார். 1905-ல் லிங்கன் நகரத்தில் டைபாய்டு பரவியபோது குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கும் முறையைக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். மணல் வடிகட்டியும் குளோரினும் வந்தபிறகு, கரையோரம் நடந்துபோகிறவரால் ஊருக்கே ஆபத்து என்ற வாதம் தளர்ந்துவிட்டது. 1937-ல் கிராய்டனில் டைபாய்டு வந்து 43 பேர் இறந்தார்கள். அங்கே கிருமியைக் கொண்டுபோனது வழிப்போக்கர் யாரும் இல்லை. கிணற்றுக்குள் இறங்கி வேலை செய்த ஆளிடமிருந்து வந்தது, அதுவும் குளோரின் கலப்பதை நிறுத்தியிருந்த நேரத்தில். ஆனாலும் அதைச் சாக்கிட்டுக் கதவுகளை இன்னும் இறுக்கினார்கள். இத்தனைக்கும் அதே மேட்டுநிலங்கள் பலவற்றில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, பறவை வேட்டையாடிகள் நாய்களோடு திரிந்துகொண்டிருந்தார்கள். வேட்டைக்காரர் பூட்ஸில் மட்டும் கிருமி ஒட்டாதுபோலும்!

பின்னால் வந்த பயம் ஆடுமாடுகளிடமிருந்து. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கன்றுக்குட்டிகள், ஆட்டுக்குட்டிகளின் சாணத்தில் வரும். குளோரினுக்கு அது அசைந்துகொடுக்காது. 1989-ல் ஸ்விண்டன், ஆக்ஸ்போர்டு பகுதிகளில் சுமார் 500 பேருக்கு அதனால் வயிற்றுப்போக்கு வந்தது. நடப்பவர்களைப் பொறுத்தவரை இன்றைய நீர்வேதியியலாளரின் கவலை வேறு: அவர்கள் கால் பட்டுக் கரையும் கரிமண். கிண்டர் போன்ற மேடுகளில் மண்ணாக இருப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் சேர்ந்த பாசியும் புல்லும். மேலே போர்த்திய செடி தேய்ந்துபோனால் கரிமண் காய்ந்து, வெடித்து, மழையோடு இறங்குகிறது. நீர் தேநீர் நிறத்துக்கு மாறுகிறது. நிறம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கரிமப் பொருளோடு குளோரின் சேரும்போது டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகின்றன. அவற்றுக்குக் குடிநீரில் சட்ட வரம்பு உண்டு. மண் அரிப்பைத் தடுக்க அப்பகுதியில், மூடிய பழைய பஞ்சாலைகளின் தளக்கற்களை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய்க் கரிமண்மேல் பாவி, காலடிகளை ஒரே கோட்டுக்குள் அடக்கினார்கள்.

இனி அணைக்கரைக்கு வருவோம். அங்கேதான் பாதையை நகர்த்துவது உண்மையிலேயே சிக்கலான வேலை.

பிரிட்டனின் பழைய அணைகள் பெரும்பாலும் மண் கரைகள். நடுவே மேலிருந்து அடிவரை ஒரு களிமண் சுவர் நிற்கும். நீரைத் தடுப்பது அதுதான். இரு பக்கமும் கொட்டிய மண் அதைச் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தக் களிமண்ணைப் படை படையாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, கனத்த பூட்ஸ் போட்ட கூலியாட்கள் வரிசையாக நின்று குயவர் மண் மிதிப்பதுபோல மிதித்துப் பதப்படுத்தினார்கள். மண்ணுக்குள் காற்றிடைவெளி இல்லாமல் போனால்தான் நீர் கசியாது. ஆக, கரைக்கு நீர் புகாத தன்மையைக் கொடுத்ததே மனிதக் கால்கள்.

கரைமேல் ஆட்கள் நடந்ததால் கிடைத்த பயன் இன்னொன்றும் உண்டு. 1864 மார்ச் 11 மாலை, ஷெஃபீல்டுக்கு மேலே, முதன்முறையாக நிரம்பிக்கொண்டிருந்த டேல் டைக் அணையின் கரையைக் கடந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் வில்லியம் ஹார்ஸ்ஃபீல்டு என்ற தொழிலாளி. கரையின் வெளிச்சரிவில் நீளவாக்கில் ஒரு விரிசல் அவர் கண்ணில் பட்டது. பேனாக்கத்தி நுழையும் அகலம்தான். ஆள் அனுப்பிப் பொறியாளரை வரவழைத்தார்கள். நள்ளிரவை நெருங்கும்போது கரை உடைந்தது. குறைந்தது 240 பேர் போனார்கள். அந்த விரிசலைக் கண்டது கருவியும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒருவர்.

1925-ல் வேல்ஸின் டால்கரோக்கில் அணை உடைந்து 16 பேர் இறந்த பிறகுதான் அணைப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தது. பிறகு 1975-ஆம் ஆண்டுச் சட்டம், 25,000 கன மீட்டருக்கு மேல் நீர் தேக்கும் பெரிய நீர்த்தேக்கங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது தகுதிபெற்ற பொறியாளர் ஒருவர் ஆராய வேண்டும் என்று விதித்தது. டால்கரோக்குக்குப் பின் பிரிட்டனில் அணை உடைந்து யாரும் இறக்கவில்லை.

2019 ஆகஸ்ட் 1 அன்று அப்படியொரு விபத்துக்கு மிக அருகில் போனார்கள். பீக் மாவட்டத்தின் ஓரத்தில் உள்ள வேலி பிரிட்ஜ் ஊருக்கு நேர்மேலே டாட்புரூக் நீர்த்தேக்கம். படகுக் கால்வாய்க்குத் தண்ணீர் விடுவதற்காக 1830-களில் வேலை தொடங்கிய மண் அணை. உயரம் சுமார் 24 மீட்டர். உபரி நீர் வழிந்தோடும் பழைய கலிங்கு பெருவெள்ளத்துக்குப் போதாது என்று 1970 வாக்கில் இன்னொரு கலிங்கு சேர்த்தார்கள். அதைக் கரைக்கு வெளியே ஓர் ஓரமாகக் கட்டாமல், கரையின் வெளிச்சரிவு மேலேயே கான்கிரீட் பலகங்களைப் பாவி அமைத்தார்கள். அந்தச் சரிவின் அடியில் ஊர்ப் பூங்கா.

கனமழைக்குப் பின் அந்தக் கலிங்கில் நீர் வழிந்தபோது பலகங்கள் பெயர்ந்து, அடியிலிருந்த மண் அரித்துப் பெரிய பள்ளம் விழுந்தது. 1,500 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் நூற்றுக்கணக்கான டன் ஜல்லியை மூட்டை மூட்டையாகப் பள்ளத்தில் போட்டது. ஒருபக்கம் பம்புகள் நீரை இறைத்தன. சுமார் ஒரு வாரம் கழித்துத்தான் மக்கள் வீடு திரும்பினார்கள்.

பேராசிரியர் டேவிட் பாம்ஃபோர்த் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, கலிங்கின் வடிவமைப்பே சரியில்லை, விட்டுவிட்டுச் செய்த பராமரிப்பு அதை இன்னும் மோசமாக்கியது என்றது. இயற்பியல் எளிது. சரிவில் வேகமாக ஓடும் நீர் ஒரு விரிசலிலோ மூட்டிலோ புகுந்து தடைபட்டால், அதன் வேகம் அழுத்தமாக மாறும். விநாடிக்கு 10 மீட்டர் வேகம் முழுதும் அழுத்தமானால் அது 5 மீட்டர் உயர நீர்ப்பத்திக்குச் சமம். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 டன். அரையடி கனமுள்ள கான்கிரீட் பலகத்தின் எடையோ சதுர மீட்டருக்கு அரை டன்கூட இல்லை. கட்டி நிறுத்தாத பலகம் எழும்பத்தான் செய்யும். 2017-ல் கலிபோர்னியாவின் ஓரோவில் அணையின் கலிங்கு பிய்ந்ததும் ஏறத்தாழ இப்படித்தான். மூட்டுகளில் முளைத்த செடி அழகாக இருக்கலாம். வேர் போன இடத்தில் நீரும் போகும்.

டாட்புரூக்கில் புதிய கலிங்கைக் கரையின் உடலை விட்டு விலக்கி ஒரு பக்கமாக அமைப்பது என்று முடிவானது. இப்படிப்பட்ட முடிவு எங்கே எடுக்கப்பட்டாலும் கரையோரப் பாதைகளைத் தொடாமல் விடாது. முகட்டில் போகும் பாதை கலிங்கு வாய்க்காலின் குறுக்கே பாலம் கேட்கும். பாலம் இல்லையென்றால் சுற்று. சுற்று என்றால் எந்தப் பக்கம்? கரையின் அடிவாரம் சமதளமாக இருக்கும், தள்ளுவண்டியும் போகும். ஆனால் பொறியாளருக்கு அடிவாரம்தான் நோய் தெரியும் இடம். கசியும் நீரை ஒரு சிறு தொட்டியில் பிடித்து, ‘வி’ வெட்டுள்ள தகட்டின் வழியாக விட்டு, வழியும் உயரத்தை வைத்து அளவு பார்ப்பார்கள். தெளிந்த நீர் கொஞ்சம் வந்தால் பரவாயில்லை; எல்லா மண் கரையும் கசியும். கலங்கி வந்தால் உள்ளேயிருந்து மண் போகிறது என்று அர்த்தம். வறண்ட கோடையிலும் ஒரு திட்டு மட்டும் கோரை மண்டிப் பச்சையாக நின்றால் அதுவும் கவனிக்க வேண்டிய செய்தி. அந்த இடத்தைச் சரளை கொட்டி இறுக்கிப் பாதையாக்கினால் அடையாளம் மறைந்துவிடும்.

முகட்டிலேயே விட்டுவிட்டால் வேறு தொல்லை. மண் கரைக்குக் கவசம் புல். தினமும் ஒரே தடத்தில் நடந்தால் மண் இறுகி, புல் வேர் மூச்சுவிட முடியாமல் சாகும், தடம் பள்ளமாகும். முகட்டின் ஒரு இடம் ஒரு சாண் தாழ்ந்தால், நீர் வழியும் நாளில் மொத்த வெள்ளமும் அந்த ஒரு சாணைத் தேடி வரும். நிழலுக்கு நாலு மரம் வைக்கலாமே என்று நமக்குத் தோன்றும். கரையில் மரத்தைப் பொறியாளர் ஒப்பவே மாட்டார். வேர் செத்தால் கரைக்குள் குழாய் மாதிரி ஓட்டை, மரம் சாய்ந்தால் கரையில் ஒரு கிணறு.

சரிவில் புதுப் பாதை வெட்டுவதற்கும் ஒரு விதி உண்டு: மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் பாதையின் சாய்வு இருக்கக் கூடாது. மீறினால் மழைநீர் குறுக்கே வழியாமல் பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். விதிப்படி வெட்டினால் பாதை நீளும். நீண்டால் ‘வசதிக் குறைவு’ என்று ஆட்சேபம் வரும். நடப்பவர்கள் வளைவுகளை வெட்டி நேர்த்தடம் போடுவார்கள், அந்தத் தடம் அரிக்கும்.

எனக்கு ஒரு பக்கச்சார்பு உண்டு: வழியை எங்கே தள்ளினாலும் கரையின் வெளிச்சரிவு கண்ணில் படும்படி தள்ள வேண்டும். உணர்கருவிகள் வந்துவிட்டன என்பது சரிதான். ஆனால் கருவி, புதைத்த இடத்தில்தான் பார்க்கும். தினமும் நாயோடு நடப்பவருக்கு நேற்று இல்லாத ஈரம் இன்று தெரியும். அவர் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்ணை அறிவிப்புத் தாள் தொங்கும் கம்பத்திலேயே எழுதிவைப்பதற்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை.

ஆணை உறுதியானாலும் பழைய பாதை உடனே போய்விடுவதில்லை. புதிய வழியில் படியோ பாலமோ போட வேண்டியிருந்தால், அந்த வேலை முடிந்து நடக்கத் தகுந்தது என்று உள்ளாட்சி சான்று கொடுக்கும்வரை பழைய உரிமையும் உயிரோடு இருக்கும்படி 119-ஆம் பிரிவு வழி செய்கிறது. அதுவரை கட்டுமான வண்டிகளுக்கு நடுவே ஒருவர் வரைபடத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றால் என்ன செய்வது? அதற்காகவே தண்ணீர்க் கம்பெனிகள் தற்காலிக மூடல் ஆணை ஒன்றைத் தனியாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. நடைபாதைக்கு அது ஆறு மாதம்தான் செல்லும். அதற்கு மேல் வேண்டுமானால் அமைச்சகத்தில் மறுபடி கேட்க வேண்டும். அணை வேலை ஆறு மாதத்தில் முடிவது அபூர்வம் என்பதால், கம்பத்தில் தாள் மட்டும் அவ்வப்போது மாறிக்கொண்டிருக்கும்.