கொலுசு, ஸ்டீல் கம்மல், கல்மாலை... இதற்குள் இத்தனை சங்கதியா, தெரியுமா?

தங்கம் விற்கிற விலையில் ஒரு மூக்குத்தி வாங்கவே பத்து முறை யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் வெள்ளிக் கொலுசையும் ஸ்டீல் கம்மலையும் கல்மாலையையும் ஏதோ ஆறுதல் பரிசு மாதிரி நினைக்கிறோம். ஆனால் அவற்றைக் கையில் எடுத்து அவற்றின் கதையைக் கேட்டால் அசந்துபோவீர்கள். இந்த மூன்றுக்குமே நம் கொங்கு மண் சொந்தம் கொண்டாடுகிறது!

வெள்ளி கறுத்தால் கலப்படம் என்று அர்த்தமா?

இல்லவே இல்லை! சொக்க வெள்ளியும் கறுக்கும். காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மேலே ஒரு கறுப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. அவித்த முட்டையை வெள்ளிக் கரண்டியால் சாப்பிட்டால் கரண்டி கறுப்பதும் இதனால்தான். ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேல் கொலுசை வைத்து, சமையல் சோடா போட்ட வெந்நீரை ஊற்றுங்கள். அலுமினியம் கந்தகத்தை இழுத்துக்கொள்ளும். கறுப்பாக மாறிய வெள்ளி மறுபடி வெள்ளியாகவே திரும்பும். முத்து, கல் பதித்த நகைக்கு மட்டும் இந்த வைத்தியம் வேண்டாம்.

925 என்ற எண் எதைச் சொல்கிறது?

ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி! மீதி பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மென்மையானது, சீக்கிரம் நெளிந்துவிடும். அந்த 7.5 சதவீதம்தான் நகைக்கு முதுகெலும்பு. இன்னொரு செய்தி: ஒரே அளவில் தங்கத்திலும் வெள்ளியிலும் வளையல் செய்தால், வெள்ளி வளையல் ஏறக்குறைய பாதி எடைதான் இருக்கும். பெரிய ஜிமிக்கி மாட்டியும் காது இழுக்கவில்லை என்றால் காரணம் இதுதான்!

ஒரு ஜோடி கொலுசுக்கு எத்தனை கைகள்?

சேலம் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். உருக்குபவர் ஒருவர், கம்பி இழுப்பவர் ஒருவர், வளையம் கோப்பவர், பொடி வைத்துப் பற்றவைப்பவர், சலங்கை கட்டுபவர், மெருகு போடுபவர் என்று வீடு வீடாகப் பயணம் செய்துதான் கொலுசு கடைக்கு வருகிறது. பற்றவைக்கும் பொடியில் மற்ற உலோகம் கலந்திருக்கும். எனவே பற்று அதிகமானால் கொலுசின் டச், அதாவது வெள்ளியின் தூய்மை அளவு, இறங்கும். வாங்கும்போதே ‘திருப்பிக் கொடுத்தால் எந்த டச் கணக்கில் எடுப்பீர்கள்?’ என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

துருப்பிடிக்காத இரும்பு எப்படி வந்தது?

துப்பாக்கி ஆராய்ச்சியில்! 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழாய்கள் சீக்கிரம் தேய்வதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்தார் ஹாரி பிரேர்லி. கையில் கிடைத்தது குரோமியம் கலந்த, துருவுக்கு மசியாத எஃகு! குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலத்தைப் போர்த்துகிறது. கீறல் விழுந்தால்? படலம் தானே மறுபடி வளர்ந்துவிடும்! கொலுசுக்குப் பேர்போன அதே சேலத்தில்தான் எவர்சில்வர் தகடு உருட்டும் பெரிய உருக்காலையும் இருக்கிறது.

316எல் என்று கேட்டு வாங்கலாம்!

எலும்பு முறிவுக்கு வைக்கும் பிளேட்டு, திருகுகளில் பயன்படும் எஃகு வகை இது. மாலிப்டினம் சேர்த்திருப்பதால் வியர்வை உப்பையும் தாங்கும். இதிலும் நிக்கல் உண்டு. ஆனால் படலத்துக்குள் அடங்கியிருப்பதால் தோலில் கசிவது மிகக் குறைவு. கவரிங் போட்டாலே காது புண்ணாகும் என்பவர்களில் பலருக்கு இது ஒத்துக்கொள்ளும். நிக்கல் ஒவ்வாமை கடுமையாக இருப்பவர்கள் மட்டும் தோல் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

2,000 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் கல்மணிப் பட்டறை!

ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர். தோண்டியபோது படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம், நீலக்கல் எல்லாம் கிடைத்தன. செய்து முடித்த மணிகளோடு பாதி செதுக்கியவையும் வெட்டிப்போட்ட சில்லுகளும் வந்தன. ஒரே ஈமக்குழியில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள்! அதே ஊரில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும் இருந்தன. கல்லையும் எஃகையும் ஒரே ஊரில் கையாண்ட பாட்டன்மார்!

மூக்குக் கண்ணாடிக்கும் காங்கேயத்துக்கும் உறவு உண்டு!

காங்கேயம் அருகே படியூர், கடல்நீலத்தில் மின்னும் பெரில் கல்லுக்குப் பேர்போனது. மரகதமும் இதே கல்லினம்தான். இந்தியப் பெரிலை ரோமாபுரி ஆசையோடு வாங்கியதை ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். பெரில் என்ற சொல்லே இந்திய மொழிகளிலிருந்து கிரேக்கத்துக்குப் போனது என்கிறார்கள் மொழியறிஞர்கள். அதிலிருந்து பிறந்ததுதான் மூக்குக் கண்ணாடிக்கு ஜெர்மானியர் சொல்லும் ‘பிரில்ல’!

கல்லுக்கு நிறம் கொடுப்பது யார்?

நம் எஃகின் சொந்தக்காரனான இரும்பேதான்! படிகத்தில் துளியூண்டு இரும்பும் பூமியின் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்தால் ஊதா நிறச் செவ்வந்திக்கல். அதையே சூடாக்கினால் பெரும்பாலும் மஞ்சளாகிவிடும். மங்கலான சூதுபவளத்தைச் சுட்டால் சிவப்பு ஏறும். ஒரு காலத்தில் செவ்வந்திக்கல் விலை உயர்ந்த கல். 19-ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் மலை மலையாகக் கிடைத்ததும் விலை இறங்கியது. கல் மாறவில்லை, அழகும் குறையவில்லை!

அடுத்த முறை கடைக்குப் போகும்போது மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: வெள்ளியில் 925 முத்திரை எங்கே? ஸ்டீல் 316எல் தானா? கல் இயற்கையானதா, சாயம் ஏற்றியதா? பதிலைப் பில்லில் வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து அணியுங்கள். உங்கள் மகள் ‘இது என்னம்மா கல்லு?’ என்று கேட்டால், கொடுமணலின் கதையைச் சொல்லுங்கள்!