ஓட்டை ஆப்பில் இல்லை, சிப்பில்! ஹார்ட்வேர் பாதுகாப்பை இலவசமாகச் சொல்லித்தரும் யூடியூப் வகுப்புகள்

போனில் ஏதாவது பாதுகாப்புக் குறை என்றால் என்ன செய்வோம்? அப்டேட் செய்வோம், சந்தேகமான ஆப்பை நீக்குவோம். ஆனால், அந்தக் குறை ஆப்பில் இல்லாமல் போனின் மெமரி சிப்பிலேயே இருந்தால்?

இது கற்பனை அல்ல. 2014-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் ஓனூர் முத்லுவின் குழுவும் இன்டெல் ஆய்வாளர்களும் சேர்ந்து 129 மெமரி அட்டைகளைச் சோதித்தார்கள். அவற்றில் 110 அட்டைகளில் ஒரே கோளாறு இருந்தது. அதன் பெயர் ‘ரோ ஹாமர்’.

சுத்தியல் அடி

மெமரி சிப்பில் தகவல்கள் மிகச் சிறிய மின்னூட்டங்களாக, வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வரிசையை மட்டும் மிக வேகமாக, திரும்பத் திரும்பத் திறந்தால் பக்கத்து வரிசையின் மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் விடாமல் சுத்தியலால் அடித்தால் நம் வீட்டுச் சுவரில் காரை உதிர்வதைப் போல! அப்போது, யாரும் தொடாமலே அந்த வரிசையில் 0 என்பது 1 ஆகலாம், 1 என்பது 0 ஆகலாம்.

‘ஒரு எண் மாறினால் என்ன ஆகிவிடும்?’ என்று நினைக்கலாம். மாறியது ‘இவருக்கு அனுமதி இல்லை’ என்று சொல்லும் எண்ணாக இருந்தால் கதையே வேறு. எந்த அனுமதியும் கேட்காத ஓர் ஆப், இந்த வழியில் ஆண்ட்ராய்டு போனின் முழுக் கட்டுப்பாட்டையும் பிடிக்க முடியும் என்று 2016-ல் ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். மெமரி நிறுவனங்கள் புதிய சிப்களில் பாதுகாப்பைச் சேர்த்தன. 2020-ல் அதையும் தாண்டும் வழி கண்டுபிடிக்கப்பட்டது.

டீக்கடை உதாரணம்

மெமரி மட்டுமல்ல, பிராசஸருக்கும் இதே பிரச்னைதான். தினமும் வரும் வாடிக்கையாளர் தெருமுனையில் தெரியும்போதே டீ மாஸ்டர் ஸ்ட்ராங் டீ போட்டுவிடுவார். அவர் “இன்னிக்கு காபி” என்றால் டீயைக் கொட்டிவிடுவார். ஆனால், நனைந்த கிளாஸ் அங்கேயே இருக்கும். அதைப் பார்ப்பவருக்கு அவர் வழக்கமாக என்ன குடிப்பார் என்பது தெரிந்துவிடும்.

பிராசஸரும் வேகத்துக்காக அடுத்த வேலையை ஊகித்து முன்கூட்டியே செய்கிறது. தவறாகிவிட்டால் அழித்துவிடுகிறது. ஆனால், தடயம் மிஞ்சுகிறது. 2018 ஜனவரியில் உலகையே பரபரப்பாக்கிய ‘ஸ்பெக்டர்’ தாக்குதலின் அடிப்படை இதுதான்.

இதையெல்லாம் புரிந்துகொள்ள, சாஃப்ட்வேருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். அதைப் படிக்க லட்சக்கணக்கில் கட்டணம் கட்டத் தேவையில்லை.

எங்கே படிக்கலாம்?

ஓனூர் முத்லு இப்போது சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிச் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறார். வகுப்பறையில் நடத்தும் பாடங்கள் அப்படியே அவரது யூடியூப் சேனலில் இருக்கின்றன. ஸ்லைடுகள், வீட்டுப்பாடம், பழைய கேள்வித்தாள்கள் ஆகியவையும் பாடத்தின் இணையப் பக்கத்தில் இலவசம். ஆரம்பநிலையில் இருப்பவர்கள் ‘டிஜிட்டல் டிசைன் அண்டு கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர்’ பாடத்தில் தொடங்கலாம். டிரான்சிஸ்டர் என்றால் என்ன என்பதிலிருந்து படிப்படியாகப் பிராசஸர் வரை அழைத்துச் செல்லும் பாடம் இது.

நம் நாட்டிலும் வழி இருக்கிறது. ஐ.ஐ.டி-களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல்-லில் ஐ.ஐ.டி காரக்பூர் பேராசிரியர் தேப்தீப் முகோபாத்யாய் ‘ஹார்ட்வேர் செக்யூரிட்டி’ பாடமும், சென்னை ஐ.ஐ.டி பேராசிரியர் செஸ்டர் ரெபைரோ ‘செக்யூர் சிஸ்டம்ஸ் இன்ஜினீயரிங்’ பாடமும் நடத்தியிருக்கிறார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும், பாடம் நடக்கும் பருவத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும்.

பாதியில் நிற்காமல் இருக்க...

கட்டணம் இல்லை என்பதாலேயே பாதியில் விடுவதும் சுலபம். சில வகுப்புகள் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். எல்லாம் ஆங்கிலத்தில் வேறு. இவற்றைச் சமாளிக்கச் சில யோசனைகள்:

* ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை முடித்த பிறகே அடுத்தது.
* ஹார்ட்வேர் செக்யூரிட்டிக்கு நேராகத் தாவ வேண்டாம். பிராசஸரும் மெமரியும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்த பிறகுதான் அவை எங்கே ஏமாறும் என்பது புரியும்.
* சப்டைட்டில் வைத்து, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும்.
* வீடியோவை நிறுத்தி, படத்தை நோட்டில் நீங்களே வரையுங்கள். பார்க்கும்போது புரிந்ததாகத் தோன்றுவது, வரையும்போதுதான் உண்மையா எனத் தெரியும்.
* பழைய கேள்வித்தாளில் வாரம் ஒரு கணக்காவது போடுங்கள்.

வகுப்பைப் பார்க்க போன் போதும். சர்க்யூட் வடிவமைத்துப் பழக ஒரு கம்ப்யூட்டர் தேவை. ‘லாஜிசிம்’ என்ற இலவச சாஃப்ட்வேரைப் பழைய லேப்டாப்பிலும் பயன்படுத்தலாம்.

இந்த வகுப்புகளுக்கு நுழைவுத்தேர்வு இல்லை, வயது வரம்பு இல்லை. பாலிடெக்னிக் மாணவரும், வேலையை விட்டுவிட்டு மீண்டும் தொடங்க நினைக்கும் இல்லத்தரசியும், சூரிச் மாணவர் கேட்கும் அதே பாடத்தைக் கேட்கலாம். மெமரி சிப்களை ஏமாற்றும் புதுப்புது வழிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்து அடைக்கவும் ஆட்கள் வேண்டும். அதில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்!